ரிஸ் அகமது: பாட்டை ஒதுக்கிவிட்டு நடிப்பை மட்டும் பேச முடியுமா?

மாலைக்காட்சி எழுதியது:

பிரிட்டிஷ் நடிகர் ரிஸ் அகமதுவைப் பற்றி நம் மொழியில் நான் வாசிக்க நேர்ந்த குறிப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கின்றன. "சவுண்ட் ஆஃப் மெட்டல்" படத்தில் செவித்திறனை இழக்கும் டிரம்ஸ் கலைஞராக நடித்தவர் என்று தொடங்கி, எம்மி விருது, "ரோக் ஒன்" என்ற விண்வெளிப் படத்தின் விமானி என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசி வரியில் "இவர் ராப் பாடகரும்கூட" என்று முடித்துவிடுகிறார்கள். அந்தக் கடைசி வரியைப் பற்றிப் பேசுவதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஆஸ்கர் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 2021இல் "சவுண்ட் ஆஃப் மெட்டல்" படத்துக்காகச் சிறந்த நடிகர் பிரிவில் அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. அந்தப் பிரிவில் பரிந்துரை பெற்ற முதல் முஸ்லிம் அவர்தான். விருது ஆண்டனி ஹாப்கின்ஸுக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு, அதாவது 2022இல், இயக்குநர் அனில் காரியாவுடன் சேர்ந்து "தி லாங் குட்பை" என்ற குறும்படத்துக்காக அவர் ஆஸ்கரை வென்றார். அந்தக் குறும்படம் 2020 மார்ச்சில் அதே பெயரில் வெளிவந்த அவருடைய ராப் ஆல்பத்தோடு சேர்ந்து பிறந்தது. படத்தின் முடிவில் அவர் காமிராவைப் பார்த்துச் சொல்லும் நீண்ட கவிதையும் அவருடைய பாட்டெழுத்துதான். ஆக, நடிப்புக்குப் பரிந்துரையோடு நின்ற ஒரு விருது பாட்டின் வழியாக அவர் கைக்கு வந்திருக்கிறது. இதைச் சொல்லாமல் அவருடைய தொழில்வாழ்க்கையை எப்படி எழுத முடியும் என்பதே என் கேள்வி.

பின்வரிசை எழுதியது:

மாலைக்காட்சி அவர்களுக்கு, நீங்கள் சுட்டிய தகவல் சரியானது. ஆனால் அதிலிருந்து நீங்கள் போகும் முடிவு எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஒரு குறும்படம் ஆல்பத்திலிருந்து பிறந்தது என்பதாலேயே அது இசையின் வெற்றியாகிவிடாது. அந்தப் படத்தில் நம்மை உலுக்குவது என்ன? கல்யாண வேலைகளில் மூழ்கியிருக்கும் ஒரு வீடு. யாருக்கு எந்த அறை, எந்த நாற்காலி எங்கே என்ற சில்லறைச் சச்சரவுகள். திடீரென்று தெருவில் வந்து நிற்கும் வண்டிகள், முகமூடி அணிந்த ஆயுததாரிகள். பன்னிரண்டு நிமிடத்துக்குள் ஒரு குடும்பம் தரையில் வீழ்த்தப்படுவதைக் காட்டும் திரைக்கலைதான் அங்கே வேலை செய்கிறது.

அவருடைய நடிப்பின் பெரும் பலம் சொல்லாமல் நிறுத்திக்கொள்வது என்று நான் கருதுகிறேன். 2014இல் வந்த "நைட்கிராலர்" படத்தில் வேலைக்காக ஏங்கும், இருக்க இடமில்லாத ஓர் இளைஞனாக அவர் வருகிறார். ஜேக் ஜில்லன்ஹால் பேசிக்கொண்டே இருப்பார். இவர் தலையாட்டுவார், கண்களைத் தாழ்த்துவார், கூலியை உயர்த்திக் கேட்க வாயெடுத்துத் தயங்குவார். 2016இல் வெளிவந்த "தி நைட் ஆஃப்" தொடரில் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியைச் சேர்ந்த கல்லூரி மாணவன் நாஸ், ஒரு கொலைக் குற்றச்சாட்டில் சிறைக்குப் போய், எட்டு அத்தியாயங்களுக்குள் நமக்குத் தெரியாத மனிதனாக மாறுகிறான். அந்த மாற்றம் முழுவதும் கழுத்திலும் தோளிலும் பார்வையிலும் நடக்கிறது. அதற்காகத்தான் 2017இல் குறுந்தொடர் பிரிவில் சிறந்த நடிகருக்கான எம்மி கிடைத்தது. தோற்றவர்களில் ராபர்ட் டி நீரோவும், அதே தொடரில் உடன் நடித்த ஜான் டர்டுரோவும் இருந்தார்கள். ராப் என்பதோ சொற்களைக் கொட்டும் கலை. இவ்விரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. அவர் நடிகராக இல்லாமல் இருந்திருந்தால் அந்த ஆல்பங்களை நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

மாலைக்காட்சி எழுதியது:

உங்கள் கடைசிக் கேள்விக்குக் கால வரிசையே பதில் சொல்கிறது. அவர் நடிகராகப் பெயர் எடுத்துவிட்டுப் பொழுதுபோக்காகப் பாட வந்தவர் அல்லர். பதின்ம வயதிலேயே உரிமமின்றி ஒலிபரப்பும் திருட்டு வானொலிகளிலும், எதிராளியோடு மோதிக் கட்டும் ராப் போட்டிகளிலும் பழகியவர். ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவமும் அரசியலும் பொருளியலும் படித்த நாட்களில், அந்தச் சூழலில் ஒட்ட முடியாமல், "ஹிட் அண்ட் ரன்" என்ற இசை இரவு நிகழ்ச்சியை நண்பர்களோடு தொடங்கி மைக் பிடித்தவர். அதற்குப் பிறகுதான் லண்டனின் சென்ட்ரல் நாடகப் பள்ளிக்குப் போனார்.

2006ஆம் ஆண்டைப் பாருங்கள். அவருடைய முதல் திரைப்படமான "தி ரோட் டு குவாண்டனாமோ" பெர்லின் விழாவில் இயக்கத்துக்கான வெள்ளிக் கரடியை வென்றது. விழா முடிந்து திரும்பும்போது லூட்டன் விமான நிலையத்தில் அவரைத் தடுத்து நிறுத்தி விசாரித்தார்கள். முஸ்லிம்களின் போராட்டத்துக்கு உதவத்தான் நடிகரானாயா என்ற பொருளில் ஓர் அதிகாரி கேட்டதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். காரணமின்றிச் சிறைப்பட்டவனாக நடித்தவன், அந்தப் படத்துக்கான விழாவிலிருந்து வீடு திரும்பும் வழியிலேயே சந்தேக நபராக நிறுத்தப்பட்டான். அதே ஆண்டில் "போஸ்ட் 9/11 ப்ளூஸ்" என்ற பாட்டு வெளிவந்தது. நையாண்டிக்காகவே எழுதப்பட்ட அந்தப் பாட்டை பிரிட்டிஷ் வானொலிகள் முதலில் ஒலிபரப்பத் தயங்கின. முதல் படமும் முதல் பாட்டும் ஒரே ஆண்டில், ஒரே காயத்திலிருந்து வந்தவை.

தாளக்கட்டு எழுதியது:

இதுவரை யாரும் பாட்டைப் பாட்டாகப் பேசவில்லை என்பதால் நுழைகிறேன். எனக்குத் தாளவாத்தியத்தில் சில ஆண்டுகள் பயிற்சி உண்டு. ராப் இசைக்குப் பிற்பாடுதான் வந்து சேர்ந்தேன்.

ரிஸ் எம்.சி. என்ற பெயரில் அவர் 2011இல் வெளியிட்ட "மைக்ராஸ்கோப்" ஆல்பத்தையும் 2020இன் "தி லாங் குட்பை" ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒன்பது ஆண்டுகளின் வளர்ச்சி காதில் விழும். முதலாவதில் அவர் சொல்விளையாட்டில் தன் திறமையை நிரூபிக்க முனைகிறார். இரண்டாவதில் அதே திறமையை ஒரு கதைக்குக் கட்டுப்பட வைக்கிறார். இடையில் நடந்தது "ஸ்வெட் ஷாப் பாய்ஸ்". லண்டனில் பிறந்த பாகிஸ்தானிய வம்சாவளியினரான ரிஸும், நியூயார்க்கில் வளர்ந்த இந்திய வம்சாவளி ராப் கலைஞர் ஹீம்ஸும் சேர்ந்து அமைத்த குழு அது. இசையமைப்பு லண்டனைச் சேர்ந்த ரெடின்யோ. 2016இல் வந்த அவர்களுடைய "கேஷ்மியர்" ஆல்பத்தில் கவ்வாலியின் கைத்தட்டலும் ஷெனாய், ஹார்மோனியம் போன்றவற்றின் ஒலித்துண்டுகளும் தாளத்தின் எலும்பாகவே இருக்கின்றன. மேற்கத்திய பாட்டுகளில் கிழக்கின் வாசனைக்காக ஒரு சிதார் நரம்பை மீட்டி விட்டுவிடும் வழக்கத்தோடு ஒப்பிட்டுக் கேளுங்கள், வேறுபாடு புரியும். ஆல்பத்தின் பெயரைக் காதால் கேட்டால் கம்பளித் துணியா, காஷ்மீரா என்று பிரித்தறிய முடியாது. எல்லைக்கோட்டின் இரு பக்கத்தாரும் சேர்ந்து பாடும் ஆல்பத்துக்கு இப்படியொரு பெயரை வைப்பதற்குத் துணிச்சலும் வேண்டும், காதும் வேண்டும்.

பின்வரிசை அவர்கள் ராப் என்பது சொற்களைக் கொட்டுவது என்றார்கள். அங்கேதான் மாறுபடுகிறேன். தாளத்தில் முக்கியமானது அடி விழாத இடம். நல்ல எம்.சி., அதாவது ராப் பாடுபவர் ஒருவர், அடுத்த சொல் எங்கே விழும் என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில் மூச்சை நிறுத்தி, அரை மாத்திரை தள்ளி அதை வைக்கிறார். நம் சந்தப் பாடல்களில் எதுகையை எதிர்பார்த்துக் காது முன்னே போய்க் காத்திருப்பதைப் போலத்தான் இதுவும். ரிஸின் வரிகளில் இயைபு அடியின் முடிவில் மட்டும் நிற்பதில்லை. மூன்று நான்கு அசைகள் சேர்ந்த ஒலிக்கோவை அடிக்குள்ளேயே திரும்பத் திரும்ப வந்து, பொருள் மட்டும் ஒவ்வொரு முறையும் நகர்கிறது. இப்படி நிறுத்தத்தை அளக்கக் கற்றவர் ஒருவர் "நைட்கிராலர்" படத்தில் கூலி கேட்கும் காட்சியில் தயங்கும்போது, அந்தத் தயக்கத்தின் நீளத்தை எங்கே பழகினார் என்று எனக்குத் தோன்றுகிறது.

வெம்பிளிவாசி எழுதியது:

நான் வசிப்பது அவர் பிறந்து வளர்ந்த வெம்பிளியில். ஈலிங் ரோடு பக்கம் குஜராத்தியர் கடைகளும் எங்கள் யாழ்ப்பாணத்தார் கடைகளும் தோளோடு தோள் நிற்கும் இடம் இது. எனவே அவருடைய வரிகளில் வரும் ஒரு விஷயம் எனக்குப் பாடமாக அல்லாமல் பழக்கமாகவே தெரியும்: ஒரே நாளில் மூன்று விதமாகப் பேச வேண்டியிருப்பது.

கராச்சியிலிருந்து 1970களில் இங்கு வந்த குடும்பம் அது. வீட்டில் உருது, தெருவில் பிள்ளைகளுக்குள் வடமேற்கு லண்டனின் ஆங்கிலம், உதவித்தொகையோடு சேர்ந்து படித்த மெர்ச்சன்ட் டெய்லர்ஸ் பள்ளியில் மேட்டுக்குடி ஆங்கிலம். கதவைத் திறந்து வெளியேறும்போதே நாக்கை மாற்றிக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை என் பிள்ளைகளிடமும் பார்க்கிறேன். வீட்டில் "அம்மா, நான் வாறன்" என்று சொல்லிவிட்டு, வாசலைத் தாண்டியவுடன் வேறொரு குரலில் கைபேசியில் பேசுவார்கள். இதை நடிப்பு என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. உயிர்தரித்திருப்பதற்கான பயிற்சியாக அது தானே வந்துவிடுகிறது. நடிகர்களுக்கு அது முதலீடாகிறது. ராப் கலைஞர்களுக்கு அதுவே கருப்பொருளாகிறது.

2016இல் நிகேஷ் சுக்லா தொகுத்த "தி குட் இமிகிரன்ட்" நூலில் ரிஸ் எழுதிய கட்டுரையை இந்த இழையில் இருப்பவர்கள் வாசிக்க வேண்டும். நடிகர் தேர்வு நடக்கும் அறையையும் விமான நிலைய விசாரணை அறையையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். இரண்டிலும் நம் முகத்தைப் பார்த்து, நாம் யார் என்பதை நமக்கு முன்பாகவே முடிவுசெய்துவிட்ட ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். சிறுபான்மை நடிகர்களுக்கு மூன்று படிகள் உண்டு என்றும் அவர் எழுதுகிறார். முதல் படியில் டாக்சி ஓட்டுநர், பயங்கரவாதி, மூலைக்கடைக்காரர் ஆகிய தட்டையான வேடங்கள். அடுத்ததில் இனத்தைப் பற்றிய கதைதான், ஆனால் அச்சை உடைப்பது. கடைசிப் படி, இனத்தோடு கதையே கட்டப்படாத ஒரு மனிதனாக நடிப்பது. முதல் படியில் கால் வைப்பதில்லை என்று அவர் தொடக்கத்திலேயே தீர்மானித்திருந்தார். 2007இன் "பிரிட்ஸ்", 2010இல் கிறிஸ் மோரிஸ் இயக்கிய "ஃபோர் லயன்ஸ்", 2012இன் "தி ரிலக்டன்ட் ஃபண்டமென்டலிஸ்ட்" ஆகியவை அனைத்தும் இரண்டாவது படியில் நடந்த வேலைகள்.

அப்படியிருக்கையில் ஒரு கேள்வி வருகிறது. வேடத்துக்காகக் காத்திருக்கும் காலத்தில் அவர் என்ன செய்தார்? நடிகருக்கு யாராவது வசனம் எழுதிக் கொடுக்க வேண்டும், யாராவது பணம் போட வேண்டும், யாராவது அழைக்க வேண்டும். பாட்டுக்கு ஒரு மைக்கும் எழுதுகோலும் போதும். அவர் விரும்பிய வேடங்கள் திரையில் இல்லாதபோது அவற்றைப் பாட்டில் எழுதிப் பாடிவைத்திருக்கிறார் என்பது என் புரிதல்.

பின்வரிசை எழுதியது:

தாளக்கட்டு, வெம்பிளிவாசி இருவருக்கும் நன்றி. ராப்பைப் பற்றி நான் எழுதியதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறேன். நிறுத்தத்தைப் பற்றிச் சொன்னது என்னைச் சிந்திக்க வைத்தது.

ஆனாலும் "சவுண்ட் ஆஃப் மெட்டல்" படத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். டேரியஸ் மார்டர் இயக்கிய அந்தப் படத்துக்காக ரிஸ் ஏறத்தாழ 7 மாதங்கள் டிரம்ஸையும் அமெரிக்கச் சைகைமொழியையும் கற்றார். காதுக்குள் இரைச்சல் எழுப்பும் கருவியைப் பொருத்திக்கொண்டு, தன் குரலே தனக்குக் கேட்காத நிலையில் பல காட்சிகளில் நடித்தார். ஒலியமைப்புக்கும் படத்தொகுப்புக்கும் ஆஸ்கர் பெற்ற அந்தப் படத்தின் பின்பாதியில் ரூபன் என்ற அந்த மனிதன் பேச்சையே பெரிதும் கைவிடுகிறான். ஓர் அறையில் தாளும் பேனாவும் கொடுத்து, சும்மா உட்கார்ந்திரு, முடியாவிட்டால் எழுது என்று, செவித்திறன் இழந்தோருக்கான இல்லத்தை நடத்தும் ஜோ அவனிடம் சொல்லும் இடத்திலிருந்து, செயற்கைச் செவியின் தகரச் சத்தத்தைக் கழற்றி வைத்துவிட்டு மரத்தடி பெஞ்சில் அமர்ந்திருக்கும் கடைசி நிமிடம் வரை, சொல் என்ற கைத்தடி இல்லாமல் நடக்கிறார் அவர். வெம்பிளிவாசி சொன்ன மூன்றாவது படி இதுதானே. அவன் எந்த ஊர்க்காரன், எந்த மதத்தான் என்று படம் ஓரிடத்திலும் கேட்பதில்லை. இந்த உயரத்தை அவர் பாட்டைக் கைவிட்டு அடைந்தார் என்று நான் வாதாடினால் எப்படி மறுப்பீர்கள்?

தாளக்கட்டு எழுதியது:

மறுக்க வேண்டிய தேவையே இல்லை, ஐயா. பேச்சையே தன் உடலாகக் கொண்ட ஒருவரிடமிருந்து அதைப் பிடுங்கியதால்தான் அந்த நடிப்பு இவ்வளவு வலிக்கிறது. மேடையில் நின்று பாடிப் பழகியவருக்கு, ஒலி போய்விடும் என்ற பயத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. படத்தின் தொடக்கத்தில் டிரம்ஸுக்குப் பின்னால் அவர் மூச்சுவிடும் விதத்தைக் கவனியுங்கள். இசை தொடங்குவதற்கு முந்தைய சில நொடிகளில் வாசிப்பவன் உடம்பு எப்படி இறுகும் என்பது வெளியிலிருந்து பார்த்துக் கற்கக்கூடியது அன்று.

நூலகன் எழுதியது:

தாமதமாக வருகிறேன். "மொகல் மௌக்லி" பற்றி யாரும் பேசாதது எனக்குக் குறையாகப் படுகிறது. பாஸம் தாரிக் இயக்கி, அவரும் ரிஸும் சேர்ந்து எழுதிய அந்தப் படம் 2020 பெர்லின் விழாவில் விமர்சகர்களின் சர்வதேசப் பரிசைப் பெற்றது. பெரிய சுற்றுப்பயணம் ஒன்றின் வாசலில் நிற்கும் பிரிட்டிஷ் பாகிஸ்தானிய ராப் கலைஞன் ஸெட், பல காலத்துக்குப் பிறகு பெற்றோரின் வீட்டுக்கு வருகிறான். அங்கே, தன் உடலே தன்னைத் தாக்கும் நோய் அவன் கால்களை முடக்குகிறது. மண்ணை விட்டு வந்த தந்தையின் மௌனமும், மண்ணைப் பற்றியே பாடி வாழும் மகனின் சொற்களும் ஒரு மருத்துவமனை அறைக்குள் முட்டிக்கொள்கின்றன.

அவனுடைய காய்ச்சல் கனவுகளில் பூச்சரங்களால் முகம் மறைத்த ஓர் உருவம் வந்து டோபா டேக் சிங் என்ற பெயரைச் சொல்கிறது. அது பஞ்சாபில் உள்ள ஓர் ஊரின் பெயர்; சாதத் ஹசன் மண்டோ பிரிவினையைப் பற்றி எழுதிய சிறுகதையின் பெயரும் அதுவே. அக்கதையில் தன் ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்று தெரியாமல், இரண்டு எல்லைவேலிகளுக்கும் இடைப்பட்ட மண்ணில் ஒருவன் வீழ்ந்து கிடப்பான். அதே பெயரில் "தி லாங் குட்பை" ஆல்பத்திலும் ஒரு பாட்டு இருக்கிறது. ஓர் உருவகம் பாட்டிலும் படத்திலும் ஒரே ஆண்டில் ஒரே மனிதரிடம் வளர்ந்திருக்கிறது என்றால், எது மூலம் எது நகல் என்று பிரிப்பதில் நமக்கு என்ன கிடைக்கப்போகிறது?

அந்த ஆல்பத்தின் அமைப்பையும் குறிப்பிட வேண்டும். பிரிட்டனை அவர் ஒரு காதலியாக உருவகிக்கிறார். வணிகம் செய்ய வந்தவள், வீட்டை எடுத்துக்கொண்டவள், நூற்றாண்டுகள் கழித்து இப்போது வெளியே போ என்கிறவள். முறிவுக்குப் பின் நண்பர்கள் ஆறுதல் சொல்வதுபோலப் பாட்டுகளுக்கு இடையே தொலைபேசிச் செய்திகள் வருகின்றன. அவற்றில் அவருடைய தாயின் குரலும் உண்டு. முதல் பாட்டின் தலைப்பில் "ஷிக்வா" என்ற சொல் இருக்கிறது. இக்பால் 1909இல் இறைவனிடமே முறையிட்டு எழுதிய புகழ்பெற்ற உருதுக் கவிதையின் பெயர் அது. நேசிப்பவரிடம்தான் முறையிட முடியும் என்ற அடிப்படை அக்கவிதைக்குள் இருக்கிறது. ஊடலை அகப்பொருளாக வைத்த மொழிக்காரர்களாகிய நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. கோபத்தை மட்டும் கேட்டுவிட்டு இது வெறுப்புப் பாட்டு என்று சொல்பவர்கள் அதன் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

வெம்பிளிவாசி எழுதியது:

நூலகன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். குறும்படத்தின் முடிவில் அவர் சொல்லும் கவிதை, எந்த ஊர்க்காரன் நீ என்ற கேள்விக்கான பதில். இந்தக் கேள்வியை நான் இந்த ஊரில் முப்பது ஆண்டுகளாக எதிர்கொண்டு வருகிறேன். வெம்பிளி என்று சொன்னால், இல்லை, உண்மையில் எந்த ஊர் என்று அடுத்த கேள்வி வரும். குண்டடிபட்டவன் எழுந்து, காலியான தெருவில் நடந்துகொண்டே அதற்குப் பதில் சொல்கிறான். பின்வரிசை அவர்கள் அது திரைக்கலையின் வெற்றி என்றார்கள். அந்த இடத்தில் படம் நின்றுவிடுகிறது, பாட்டு மட்டும் நடக்கிறது. முதல்முறை பார்த்தபோது என் கைகள் நடுங்கின.

மாலைக்காட்சி எழுதியது:

2016ஐ ஒருமுறை சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். "இங்லிஸ்தான்" மிக்ஸ்டேப், "தி நைட் ஆஃப்", "ஜேசன் போர்ன்", "தி குட் இமிகிரன்ட்" கட்டுரை, "கேஷ்மியர்" ஆல்பம், "ரோக் ஒன்", அதோடு ஹாமில்டன் இசைநாடகத்தின் பாட்டுகளை மறுஉருவாக்கம் செய்த தொகுப்பில் குடியேறிகளைப் பற்றிய அந்தப் பாட்டு. அனைத்தும் ஒரே ஆண்டில் வெளிவந்தவை. கடைசிப் பாட்டின் காணொளி 2017இல் எம்டிவி விருதும் பெற்றது. விண்வெளிப் படத்தின் பெரும் விளம்பரப் பலகையில் முகம் இருந்த அதே நாட்களில், விமான நிலையத்தில் சோதனைக்காக வரிசையிலிருந்து தனியே இழுக்கப்படுவதைப் பற்றி அவர் பாடிக்கொண்டிருந்தார். இரண்டையும் ஒரே மனிதர் வாழ்ந்தார். ஒன்றைப் பெரிய எழுத்திலும் மற்றதை அடிக்குறிப்பாகவும் எழுதினால் அந்த மனிதர் நமக்குக் கிடைக்க மாட்டார்.

பின்வரிசை எழுதியது:

நேற்றிரவு "மொகல் மௌக்லி" பார்த்தேன். நூலகனுக்கு நன்றி. ஸெட் மருத்துவமனைக் கழிவறையில் தந்தையின் தோளைப் பிடித்து நிற்க முயலும் காட்சியில், நான் இந்த இழையில் புகழ்ந்த அதே மௌனம் இருந்தது. அதற்குச் சற்று முன்புதான் அவன் மேடையில் சொற்களை வீசிக்கொண்டிருந்தான். இரண்டும் ஒரே தொண்டையிலிருந்து வந்தவை என்பதை இனி என்னால் மறுக்க முடியாது.

அனில் காரியாவும் அவரும் மீண்டும் சேர்ந்து எடுத்த "ஹாம்லெட்" 2025இல் திரைப்பட விழாக்களுக்கு வந்தது. இன்றைய லண்டனில், தெற்காசியக் குடும்பமொன்றில் நடப்பதாக அமைத்திருக்கிறார்கள். இருப்பதா இல்லாமற்போவதா என்ற தனிமொழியை இரவில் காரை வேகமாக ஓட்டிக்கொண்டே சொல்கிறாராம். நானூறு ஆண்டுப் பழைய செய்யுளை ஒரு ராப் கலைஞர் எந்த இடத்தில் மூச்சு வாங்கிச் சொல்கிறார் என்பதை நான் கவனிக்கப்போகிறேன். தாளக்கட்டு அவர்கள் பார்த்துவிட்டால், நிறுத்தங்களைப் பற்றி இங்கே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.